ஒரு குறோஸ் என்பது நூறு அல்ல, 144

அண்ணை, கிளிநொச்சிப் பிள்ளைகளுக்காக நீங்கள் போட்ட ஆங்கில எண்ணிக்கைச் சொற்களின் பட்டியலில் ‘குறோஸ் = 100, ஸ்கோர் = 50, பேக்கர்ஸ் டசின் = 12’ என்று இருக்குது. மூன்றுமே பிழை. தயவுசெய்து அதை மாற்றிவிடுங்கோ. முல்லைத்தீவுப் பக்கம் ரியூசன் வகுப்புகளிலும் இதைக் கொப்பியில் எழுதுவிக்கினம்.

குறோஸ் என்பது பன்னிரண்டு டசின், அதாவது 144. பென்சில், பொத்தான் போன்ற சின்னச் சாமான்களை மொத்தமாக விற்கிற கணக்கு இது. பன்னிரண்டு குறோஸ் சேர்ந்தால் ‘கிறேற் குறோஸ்’, 1728. நூறு என்று மனதில் வைத்த பிள்ளை பெருக்கல் கணக்கு முழுவதையும் பிழைவிடும்.

ஸ்கோர் என்பது 20. ஆபிரகாம் லிங்கன் 1863இல் கெற்றிஸ்பேர்க்கில் பேசியபோது நான்கு ஸ்கோரும் ஏழும் என்றுதான் தொடங்கினார். நான்கு இருபது எண்பது, அதோடு ஏழு, 87 வருடம். 1863இல் 87ஐக் கழித்துப் பாருங்கோ, அமெரிக்கா சுதந்திரம் அறிவித்த 1776 வரும். உங்கட 50 சரியென்றால் 207 வருடம் ஆகிவிடும்! ஆனால் செய்திகளில் ‘ஸ்கோர்ஸ்’ என்று பன்மையில் வந்தால் பெருந்தொகை என்றுதான் பொருள், அங்கே எண்ணிப் பார்க்கத் தேவையில்லை.

பேக்கர்ஸ் டசின் 13. பாணில் நிறை குறைந்தால் தண்டனை இருந்த காலத்தில், வெதுப்புவோர் ஒன்றைக் கூட வைத்துக் கொடுத்ததால் வந்த பெயர் என்று பொதுவாகச் சொல்லுவினம்.

தாள் கட்டைக் குறிக்கிற ‘ரீம்’ 480 என்று உங்கட பட்டியலுக்குக் கீழே தங்கச்சி ஒராள் எழுதினது பழைய கணக்கு. இப்ப கடையில் வாங்குகிற ஏ4 கட்டில் 500 தாள்.