எட்டு மாதமாக எரியாத லைற்

எங்கள் ஒழுங்கை முனை லைற் எரியாமல் எட்டு மாதம். உள்ளூராட்சி சபையில் போய்ச் சொன்னால் எழுதித் தாங்கோ என்கிறார்கள், எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் போனால் எந்தக் கடிதம் என்று கேட்கிறார்கள்! முன்பு, 2023 மார்ச்சில் சபையின் பதவிக்காலம் முடிந்தபிறகு, எதைக் கேட்டாலும் சபை இல்லை, உறுப்பினர் இல்லை, பொறுங்கோ என்றார்கள். சரி, பொறுத்தோம். 2025 மே மாதம் வரிசையில் நின்று வாக்கும் போட்டோம். இப்போது நிதி இல்லையாம். கிரவல் றோட்டுக் குழியைக் கேட்டால் அது வேறு திணைக்களமாம், வாய்க்காலைக் கேட்டால் அதுவும் வேறு ஆட்களாம். அப்படியென்றால் எங்களுக்கு யார்தான் பொறுப்பு? வன்னியில் மாரி தொடங்கினால் பாம்பு எங்கே கிடக்கும் என்றே தெரியாது, ரியூசன் முடிந்து வரும் பிள்ளை ஃபோன் வெளிச்சத்தில் தண்ணீருக்குள்ளால் நடந்து வருகிறாள். ஒரு பல்ப், ஒரேயொரு பல்ப் மாற்ற எட்டு மாதமா?