எல்லாப் பிழைக்கும் தனி கிளாஸ் எதற்கு?
பைதான் நிரல் ஓடும்போது வரக்கூடிய ஒவ்வொரு பிழைக்கும் தனி கிளாஸ், அதாவது தனிப் பிழை வகை, எழுதச் சொல்கிறது இந்தக் கட்டுரை. எனக்கு அது ஒத்துவரவில்லை. பிழையைப் பிடிக்கும் இடத்தில் வேறு வேலை நடந்தால்தான் வேறு கிளாஸ் தேவை. இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எடை பதிய பைதானில் ஒரு நிரல் எழுதினோம். பைதானின் பொதுவான பிழை கிளாஸான எக்செப்ஷனிலிருந்து 'எடைப்பிழை' என்று ஒரு தாய் கிளாஸ், அதன் கீழே இரண்டே இரண்டு: தராசு தொடர்பு விட்டால் தானாக மறுபடி முயல ஒன்று, தொழிலாளர் நம்பர் பிழைத்தால் கணக்கப்பிள்ளையிடம் திரும்பக் கேட்க மற்றது. அந்த நம்பரையும் பிழையோடு சேர்த்தே அனுப்பினோம். அதைப் பிழைச் செய்தி வரியைப் பிய்த்துத் தேடும் கூத்து இல்லை. அப்புறம், மேலே கருத்துச் சொன்ன ஒருவர், எக்செப்ஷனுக்கும் தாயான பேஸ்எக்செப்ஷனிலிருந்தே நம் கிளாஸை எடுக்கலாமே என்கிறார். வேண்டாம், எக்செப்ஷனைப் பிடிக்கும் வழக்கமான வரியில் அப்படி எடுத்த பிழை சிக்காது; கன்ட்ரோல்-சி அழுத்தி நிரலை நிறுத்துவது போன்றவற்றுக்கான இடம் பேஸ்எக்செப்ஷன்.