மெத்தோட்ரெக்சேட் பற்றி ஒரு திருத்தம்

"மெத்தோட்ரெக்சேட் கேன்சர் மருந்து, ஈரலைக் கெடுத்துவிடும், வலி மாத்திரையே போதும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். முடக்குவாதம் (மூட்டுகளைத் தாக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்று இப்போதுதான் தெரிந்து இந்த மருந்தைப் பற்றிக் கேட்ட தங்கை, இதை நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

கேன்சருக்கும் இதைத் தருவது உண்மைதான். ஆனால் முடக்குவாதத்துக்குத் தரும் அளவு மிகக் குறைவு, பெரும்பாலும் வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரை. வாரத்தில் ஒரே ஒரு நாள்தான்; தவறிப்போய்த் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. என் அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை. காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைப்போம். கூடவே ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரையும் உண்டு. ஈரலுக்காகத்தான் குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். மது கூடாது. குழந்தைக்குத் திட்டமிட்டால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

வலி மாத்திரை வலியை மட்டும்தான் அடக்கும், மூட்டு சிதைவதை நிறுத்தாது. அதை மட்டுமே நம்பி அம்மா இரண்டு வருடம் ஓட்டினார். காலையில் ஈரத்துணியைப் பிழியக்கூட விரல் மடங்காது. வளைந்த விரல் பிறகு நிமிரவே இல்லை.

எலும்பு டாக்டரோடு நிற்காமல் ருமட்டாலஜிஸ்ட்டை (மூட்டுவாத நோய் நிபுணரை) பாருங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனித் துறையே இருக்கிறது.