அட்டவணை 2 எங்கே?

வேலை நேர்காணலுக்குப் புள்ளி தேவைப்பட்டதால் காசு கட்டி ஓர் ஆய்விதழில் கட்டுரை போட்டேன். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கேரள எல்லையில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பேச்சுத் தமிழில் மலையாளம் எங்கெல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்பதுதான் பொருள். இரண்டு வருடம் சொல் சேர்த்தேன். அனுப்பிய மூன்றாம் நாளே ‘ஏற்கப்பட்டது’ என்று மெயில், கூடவே வங்கிக் கணக்கு எண். ஒரு கேள்வி இல்லை, ஒரு திருத்தம் இல்லை. ‘அட்டவணை 2 காண்க’ என்று எழுதிவிட்டு அந்த அட்டவணையை இணைக்க மறந்திருந்தேன். அதையும் யாரும் கேட்கவில்லை, அப்படியே அச்சாகிவிட்டது. என் கட்டுரைக்கு முன்பக்கம் கம்பன் பற்றி ஒன்று, பின்பக்கம் வங்கி வாடிக்கையாளர் மனநிறைவு பற்றி ஒன்று.

இது புதிய நோய் இல்லை. 2018 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி., தான் ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரேயடியாக நீக்கியது. அடுத்த வருடம் ‘கேர்’ (CARE) என்ற புதிய இதழ்ப் பட்டியல் வந்தது. 2025இல் அதையும் கைவிட்டு, நல்ல இதழ் எது என்று கல்வி நிறுவனங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்றது. முனைவர் பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதியே எடுத்துவிட்டது. காசு கட்டிக் கட்டுரை போடும் கூட்டம் குறைந்ததா? வேலைக்கும் பதவி உயர்வுக்கும் புள்ளி வேண்டுமே! பட்டியலை மாற்றிக்கொண்டே இருக்கிறோம், படிக்கிறவர் யார் என்று மட்டும் கேட்பதில்லை.

பாளையங்கோட்டையில் டுடோரியல் நடத்திக்கொண்டே நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை 1969இல் ‘ஆராய்ச்சி’ இதழைத் தொடங்கினார். நெல்லை ஆய்வுக் குழுவில் கட்டுரையை வாசித்து, வாதாடி, அப்புறம்தான் அச்சுக்குப் போகும். கதைப்பாடலும் நாட்டார் வழக்கும் அங்கே ஆய்வுப் பொருளாயின. பல்கலைக்கழகக் கட்டடம் இல்லை. கேள்வி கேட்கும் ஆட்கள் இருந்தார்கள். எனக்குக் கிடைக்காதது அதுதான்.

அச்சுப் பிரதியை எங்கள் பள்ளித் தமிழாசிரியையிடம் காட்டினேன். நாலு பக்கம் புரட்டிவிட்டு, “இதுல பிள்ளைகளுக்குச் சொல்ல என்ன இருக்கு மாஷே?” என்றார். (மாஷ் என்றால் எங்கள் பக்கம் வாத்தியார்.) நியாயமான கேள்வி. வீட்டில் ஒரு தமிழும் பாடநூலில் ஒரு தமிழுமாகத் திணறும் பிள்ளைகளுக்காகத்தான் அந்தச் சொற்களையே சேர்த்தேன். கட்டுரையில் அந்தப் பிள்ளைகள் ஒரு வரியில்கூட இல்லை. புள்ளிக்காக எழுதினால் அப்படித்தான் ஆகும் போல.

மனசு கேட்காமல் ஒரு பிரதியை வாயனசாலை (ஊர் வாசகசாலை) மேசையில் வைத்தேன். அங்கே பாஷாபோஷிணி வரும், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிய மலையாள இதழ். தமிழ் இதழ் வேண்டுமென்றால் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சிக்குத்தான் பஸ் ஏற வேண்டும். தினமும் மாலை வருகிற ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் இருக்கிறார். வீட்டில் தமிழ் பேசுவார், படிப்பது மலையாளம். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். ஒரு வாரம் கழித்து என்னைப் பிடித்துக்கொண்டார். மூன்று சொற்களுக்குக் கீழே பென்சில் கோடு.

“இது நம்ம பக்கம் சொல்றதில்ல மாஷே, வேலந்தாவளத்துக்காரங்க பேச்சு. அப்புறம், அட்டவணை ரெண்டு காண்கன்னு போட்டிருக்கீங்களே, அது எங்க?”

நாளைக்குப் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்த மூன்று சொல்லையும் திருத்திவிட்டு.