பேய் வராத பேய்ப்படங்கள்

"கடைசி வரைக்கும் ஒண்ணுமே வரலையேப்பா!" மெதுவாக நகரும் பேய்ப்படம் எதைப் பரிந்துரைத்தாலும் நண்பர்களிடமிருந்து இதுதான் பதில். எனக்கோ அந்த 'ஒண்ணுமே வராதது'தான் பிடித்திருக்கிறது. பேய் முழு உருவமாக வந்து நின்றுவிட்டால், அப்புறம் நான் பார்ப்பது மேக்கப்பையும் கிராஃபிக்ஸையும்தான்.

1942இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு காட்சி. தயாரிப்பாளர் வால் லூட்டன், இயக்குநர் ஜாக் டூர்னர். ராத்திரி, ஆளில்லாத சாலையில் ஒருத்தி நடந்துபோகிறாள். பின்னாலேயே இன்னொருத்தியின் ஹீல்ஸ் சத்தம். சட்டென்று அந்தப் பின்சத்தம் மட்டும் நின்றுவிடுகிறது. பின்னணி இசை கிடையாது. முன்னால் போகிறவள் நடையைக் கூட்டுகிறாள், திரும்பிப் பார்க்கிறாள், யாருமில்லை. திடீரென்று சிறுத்தை சீறுவதுபோல் ஒரு சத்தம். வந்து நிற்பது ஒரு பஸ்! திடீரென்று தூக்கிவாரிப்போட வைக்கும் இன்றைய 'ஜம்ப் ஸ்கேர்'களுக்கெல்லாம் தாத்தா அந்த பஸ்தான். பேரன்கள் பஸ்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு அதற்கு முந்தைய நடையை விட்டுவிட்டார்கள்.

கையில் காசில்லை, அதனால் இருட்டிலேயே ஒப்பேற்றினார்கள் என்பார்கள். லூட்டனின் பட்ஜெட் சின்னதுதான், சரி. ஆனால் அவரிடம் இயக்குநராக அறிமுகமான ராபர்ட் வைஸ், 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'க்கு ஆஸ்கர் வாங்கிய பிறகு 1963இல் எடுத்த 'தி ஹாண்டிங்' படத்திலும் பேயைக் காட்டவில்லை. இருட்டறையில் படுத்திருக்கும் கதாநாயகி எலினோருக்குச் சுவருக்குப் பின்னால் முணுமுணுப்பு கேட்கிறது. கேமரா சுவரின் பூவேலைப்பாட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறது. பார்க்கப் பார்க்க அதில் கண், வாய் எல்லாம் தெரிய ஆரம்பிக்கும். அந்த முகத்தை உருவாக்குவது வைஸ் பாதி, நாம் பாதி. பயத்தில் தோழியின் கையை இறுக்கிப் பிடித்திருக்கிறாள் எலினோர். விளக்கு எரிந்ததும் பார்த்தால், தோழி அறையின் அந்தப் பக்கம் இருக்கிறாள். அப்படியானால் பிடித்திருந்தது யார் கையை? படம் பதில் சொல்வதில்லை.

மெதுவாகப் போகும் எல்லாமே நல்ல படம் என்று நான் சொல்லவில்லை. கைல் எட்வர்ட் பால் 15,000 கனடா டாலரில், எட்மண்டனில் தான் வளர்ந்த வீட்டிலேயே எடுத்த 'ஸ்கினமரிங்க்' 100 நிமிடம் ஓடுகிறது. அரை மணி நேரத்தைத் தாராளமாக வெட்டியிருக்கலாம். ராத்திரியில் விழித்த இரண்டு குழந்தைகள், காணாமல்போகும் கதவு ஜன்னல்கள், டிவி வெளிச்சத்தில் கூரையின் ஒரு மூலை. அந்த மூலையில் ஏதோ அசைந்த மாதிரி இருந்ததால் ரீவைண்ட் செய்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பவர்களுக்கு இந்தப் படம் சுத்தமாக வேலை செய்யாது, அவர்கள் தைரியமாகப் பார்க்கலாம்.