முதலாளிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டது சான்று இல்லையா?

ராமநாதபுரம் கூட்டத்தில் ஒரு தங்கச்சி, வியாபாரிகளுக்கான பழைய வணிக இதழ்களின் விலைப் பட்டியலை வைத்து நம் கரையின் இறால் வியாபாரம் பற்றிக் கட்டுரை படித்தார். "முதலாளிகள் தங்களுக்காக நடத்திய பத்திரிகை, அது எப்படிச் சான்றாகும்?" என்று கேட்டு உட்காரவைத்துவிட்டார்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

தங்களுக்காக நடத்தியதால்தான் ஐயா அது சான்று! அரசுக்கு மனுப் போடும்போது நஷ்டக் கணக்கு காட்டுவார்கள், பங்குதாரரிடம் லாபத்தைச் சொல்வார்கள். சக வியாபாரியிடம்தான் சரக்கு எங்கே தேங்கியது, கூலி ஏன் ஏறியது என்று பேசுவார்கள். கல்கத்தாவில் 1888இல் தொடங்கிய 'கேப்பிட்டல்', பம்பாயில் 1890இல் தொடங்கிய 'இந்தியன் டெக்ஸ்டைல் ஜர்னல்' இவற்றைப் புரட்டாமல் சணல், பருத்தி வரலாற்றை யார் எழுத முடியும்?

நம் கரைக்கு வாருங்கள். மண்டபத்திலும் ராமேசுவரத்திலும் கவுண்ட் (ஒரு எடைக்கு எத்தனை இறால் நிற்கிறது என்ற எண்ணிக்கை) பார்த்து இறாலுக்கு விலை சொல்கிறார்களே, அந்த விலை கரையில் பிறப்பதில்லை. 1966 ஜூனில் அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ஆனது. வெளிநாட்டில் விலை அசையாமல் நின்றாலும் ரூபாய்க் கணக்கில் ஒன்றரை மடங்குக்கு மேல். அதில் கரைக்கு எவ்வளவு வந்தது என்று கேட்க, ஏற்றுமதி இதழின் விலைப் பக்கமும் கமிஷன் கடை நோட்டும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும்.

அதையும் கவனமாகப் படிக்கவேண்டும். பட்டியலில் 16/20 என்றால், தலை நீக்கிய இறால் ஒரு பவுண்டு எடைக்கு 16 முதல் 20 நிற்கும். கிலோவுக்கு 35 முதல் 44. கரையில் வாங்குவது தலையோடு என்றால் கிலோவில் சுமார் 600 கிராம்தான் மிஞ்சும். இதைக் கழிக்காமல் இரண்டு விலையையும் ஒப்பிட்டால் வியாபாரி அடித்த லாபம் ஊதிப்போய்த் தெரியும். பருத்தியிலும் இதே வம்பு உண்டு: கண்டி என்ற எடை அளவு ஊருக்கு ஊர் வேறு; சென்னைக் கண்டி 500 பவுண்டு, பம்பாய்க் கண்டி 784. விலை துறைமுகம் வரைக்கா, கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்தா என்றும் பார்க்கவேண்டும்.

"விளம்பரம்தானே நிறைய" என்கிறார்கள். டீசல் என்ஜினுக்கும் நைலான் வலைக்கும் எந்த வருஷம் முதல் விளம்பரம் வருகிறது, தவணை உண்டா, ஏஜென்ட் எந்த ஊரில் என்று பாருங்கள், மூலதனம் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று தெரியும். ஆனால் இதழ்களைப் பைண்டு செய்யும்போது பல நூலகங்களில் அட்டையையும் விளம்பரத் தாள்களையும்தான் முதலில் கிழித்துப் போட்டார்கள்.

"தொழிலாளி குரல் இல்லையே" என்பது நியாயமான கேள்வி. இறால் உரிக்கும் பெண்கள் அங்கே செலவுக் கணக்கில் ஒரு வரிதான். அந்த வரியை எடுத்துக்கொண்டு அவர்களிடமே போய்க் கேட்கவேண்டும். வரியையே தூக்கி எறிந்தால் எதை வைத்துக் கேட்பது?

எனக்கு வலிப்பது வேறு. மான்செஸ்டர் நூல் விலையைப் பைசா பைசாவாக எண்ணினால் அது ஆய்வு. நம் கரையைப் பற்றி எழுதினால் மட்டும் புயலும் கோயிலும் பாட்டும் போதும் என்கிறார்கள். இங்கேயும் முன்பணம் இருந்தது, வட்டி இருந்தது, போட்டி இருந்தது. எங்கள் கடலில் முதலாளித்துவம் வரவில்லையா?

தங்கச்சி, கட்டுரையை அப்படியே அனுப்பும்மா. அட்டவணைக்குக் கீழே அலகு, தலையோடா நீக்கியதா, எந்த மாத இதழ், எந்தப் பக்கம் என்று மட்டும் சேர்த்துவிடு. விலைப் பட்டியலை யார் சொன்னாலும் நீக்காதே.