பெரிய ரைபிளுக்குக் கழற்றும் மேகசின் வேண்டவே வேண்டாம்

இரண்டாவது வேட்டுக்குப் பிறகு போல்ட்டை, அதாவது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் எஃகுத் தண்டை, இழுத்து முன்னே தள்ளினேன். தோட்டா ஒன்றைச் சுமந்துகொண்டு போகும் போல்ட்டுக்கு ஒரு கனம் உண்டு; பழகிய கைக்கு அது தெரியும். அன்று அந்தக் கனம் இல்லை. போல்ட் வெறுமனே வழுக்கிக்கொண்டு போய்ப் பூட்டிக்கொண்டது. குனிந்து பார்த்தேன். தோட்டாக்களை அடுக்கிவைக்கும் பெட்டியான மேகசின் என் இடது பூட்ஸுக்குப் பக்கத்தில் புழுதியில் கிடந்தது. மிச்சமிருந்த இரண்டு தோட்டாக்களில் மேலே இருந்தது, அதன் வாயில் கோணலாகத் துருத்திக்கொண்டிருந்தது.

சுடுதளத்தில் நடந்ததால் இதை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். எதிரே இருந்தது காகித இலக்கு. காயம்பட்ட ஆப்பிரிக்கக் காட்டெருமை ஒன்று முப்பது அடி தூரத்துப் புதரிலிருந்து வந்துகொண்டிருந்தால், என் கையில் இருந்தது நாலரை கிலோ எடையுள்ள ஒரு தடி மட்டுமே.

அந்த ரைபிள் நானே யோசித்து, நானே அளவு சொல்லி, உரிமம் பெற்ற ஒரு கைவினைஞரிடம் செய்யக் கொடுத்தது. .416 ரிக்பி தோட்டாவுக்கானது. வால்நட் கட்டையைத் தேர்ந்தெடுக்கவே எனக்கு இரண்டு மாதம் ஆனது. குழலின் நீளம், எடை, பார்வைக் குறியின் உயரம் எல்லாவற்றையும் தூங்காமல் யோசித்த நான், மேகசினைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டேன்: கழற்றி மாட்டுவது போல இருக்கட்டும். அந்த ஒரு வரிதான் மொத்த ரைபிளையும் கெடுத்தது. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள்.

ஏன் அப்படிக் கேட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். வண்டியில் ஏறும்போதெல்லாம் தோட்டாக்களை வெளியே எடுக்க வேண்டும். பழைய முறை மேகசினில் போல்ட்டை முன்னும் பின்னும் ஆட்டி ஒவ்வொன்றாக வெளியேற்றுவது தொல்லை, ஆபத்தும்கூட. மேகசினைக் கழற்றினால் ஒரே நொடியில் வேலை முடிந்துவிடும் என்று நினைத்தேன். அந்தக் காரணம் இன்றும் எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் அதே வேலையை, கீல் வைத்த அடித்தகடு நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்துகொண்டிருக்கிறது. மேகசினின் அடியில் இருக்கும் அந்தத் தகட்டின் பூட்டை அழுத்தினால் அது திறந்து, தோட்டாக்கள் உள்ளங்கையில் விழும். மேகசின் பெட்டி ரைபிளோடு ரைபிளாகவே இருக்கும். இதை நான் ஏன் அப்போது யோசிக்கவில்லை என்று இன்னும் வருத்தப்படுகிறேன்.

பெரிய காலிபர் (குழல் துளையின் அகலம்) ரைபிளைப் பற்றிப் பேசும் எல்லோரும் குண்டைப் பற்றியே பேசுகிறார்கள். .416 ரிக்பி 1911-இல் வந்தது. 26.6 கிராம் எடையுள்ள குண்டை நொடிக்கு 720 மீட்டர் அளவு வேகத்தில் அனுப்பும். அதற்கு அடுத்த ஆண்டு வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் அதைவிடச் சற்று இலேசானது. இந்த எண்களை எல்லாம் நண்பர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்தக் குண்டு மேகசினிலிருந்து குழலின் வாய்க்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும். முதல் குண்டு எல்லாத் துப்பாக்கியிலும் பறக்கும். இரண்டாவது குண்டுதான் பணம் கொடுத்து வாங்குவது.

ஜெர்மன் துப்பாக்கி வடிவமைப்பாளர் பவுல் மவுசரின் 1898-ஆம் ஆண்டு ரைபிள் வடிவமைப்பை மேசை மேல் வைத்துப் பாருங்கள். வெடிமருந்து இல்லாத வெற்றுத் தோட்டா ஒன்றை மேகசினில் அழுத்திவிட்டு, போல்ட்டை மெதுவாக, மிக மெதுவாக முன்னே தள்ளுங்கள். தோட்டா மேகசினின் பிடியிலிருந்து விடுபட்டு மேலெழும் அதே இடத்தில், தோட்டாவைப் பிடித்து இழுக்கும் பாகமான எக்ஸ்ட்ராக்டரின் அகன்ற நகம் தோட்டாவின் அடிவிளிம்பைக் கவ்விக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்தத் தோட்டா அனாதை இல்லை. ரைபிளைச் சாய்த்தாலும் கவிழ்த்தாலும் அது போல்ட்டோடுதான் இருக்கும். பதற்றத்தில் போல்ட்டைப் பாதியில் நிறுத்தி இழுத்தாலும், எடுத்த தோட்டாவையே வெளியேற்றிவிட்டு அடுத்ததை எடுக்கும். ஒன்றன் பின்னால் ஒன்றை முட்டவைக்காது. வின்செஸ்டர் நிறுவனம் 1964-இல் தன் மாடல் 70 ரைபிளிலிருந்து இந்த நகத்தை எடுத்தபோது வேட்டைக்காரர்கள் எவ்வளவு கோபப்பட்டார்கள் என்பதற்கு, இன்றும் அந்த ஆண்டுக்கு முந்தைய ரைபிள்களைத் தேடி அலைபவர்களே சாட்சி. பின்னாளில் நிறுவனமே அந்த நகத்தைத் திரும்பக் கொண்டுவந்தது.

ஆனால் நகம் பாதி வேலையைத்தான் செய்கிறது. மீதிப் பாதி மேகசின் பெட்டியின் அகலத்தில் இருக்கிறது. மவுசர் பெட்டியில் தோட்டாக்கள் இரண்டு வரிசையாக, ஒன்றுக்கொன்று சாய்ந்து படுத்திருக்கும். பக்கத்துப் பக்கத்துத் தோட்டாக்கள் மூன்றின் மையங்களை இணைத்தால் சமபக்க முக்கோணம் வர வேண்டும். அப்படியானால் பெட்டியின் உள்ளகலம், தோட்டாவின் அடிவிட்டத்தைப் போல 1.866 மடங்கு. 12 மில்லிமீட்டர் அடிவிட்டமுள்ள, சாதாரண வேட்டைத் தோட்டாவான .30-06-க்கு 22 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 15 மில்லிமீட்டர் அடிவிட்டமுள்ள.416 ரிக்பிக்கு 28 மில்லிமீட்டர். இதைவிட அகலமானால் தோட்டாக்கள் ஒன்றையொன்று ஆப்பு போலப் பக்கச் சுவரில் நெருக்கும்; குறைந்தால் தாறுமாறாக மேலெழும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனிப் பெட்டி என்பது ஆடம்பரம் அல்ல, கணக்கு. மவுசர் அந்தக் கணக்கைத் தெரிந்துதான் செய்தார்.

கழற்றும் மேகசினில் இந்தக் கணக்கையும் சரியாகப் போடலாம்தானே என்று கேட்கலாம். போடலாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நிலையான மேகசினில் தோட்டாவைப் பிடித்துவைக்கும் இரண்டு உதடுகளும், போல்ட் ஓடும் உடற்பகுதியான ரிசீவரின் எஃகிலேயே கடையப்பட்டவை. கழற்றும் மேகசினில் பெரும்பாலும் அவை வளைத்த தகடு. ஒருமுறை கல்லில் விழுந்து முடியிழை அளவு வளைந்தால், தோட்டா எழும் கோணம் மாறிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அடுத்தது பின்னுதைப்பு. .30-06 ரைபிளோடு ஒப்பிட்டால் .416 ரிக்பியின் உதைப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. ரைபிள் பின்னால் பாயும்போது மேகசினில் இருக்கும் தோட்டாக்கள் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். விளைவாகக் குண்டுகளின் மூக்கு முன்சுவரில் போய் மோதும். ஒவ்வொரு வேட்டுக்கும் இது நடக்கிறது. தோட்டாவின் உலோகக் கூட்டில் குண்டு இறுக்கமாகக் கவ்வப்படவில்லை என்றால் உள்ளே இறங்கிவிடும். கனமான அந்தத் தோட்டாக்கள் உள்ளே முட்டும் முட்டு முழுவதையும் கழற்றும் மேகசினில் தாங்குவது எது? நகத்தளவு ஒரு கொக்கியும் அதன் பின்னால் ஒரு சின்ன ஸ்பிரிங்கும்.

மூன்றாவதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். போல்ட் ரைபிளை ஒரு கையில் தூக்கி நடக்கும்போது, எடை சமமாகும் இடம் மேகசினுக்கு அருகிலேயே வரும். கை அங்கேதான் போகும். என் ரைபிளில் மேகசின் அடியிலிருந்து இரண்டு விரல் நீட்டிக்கொண்டு நின்றது. கழற்றும் பொத்தான் அதன் முன்விளிம்பில். அன்று காலை கால்மணி நேரம் தூக்கிக்கொண்டு நடந்ததில் என் விரலே அதைப் பாதி அழுத்தியிருக்க வேண்டும். முதல் உதைப்பைத் தாங்கிய கொக்கி இரண்டாவதில் விட்டுவிட்டது. செய்து கொடுத்தவரைக் கேட்டபோது, பொத்தானைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அந்தப் பதில் எனக்கு இன்றும் ஆறவில்லை. நெஞ்சு அடித்துக்கொள்ளும் நேரத்தில் கவனம் கேட்கும் கருவி, அந்த நேரத்துக்கான கருவியே இல்லை.

பிரிட்டிஷ் ராணுவம் கழற்றும் மேகசின் வைத்த லீ-என்ஃபீல்டை இரண்டு உலகப் போர்களிலும் தூக்கவில்லையா என்று ஒரு நண்பர் வாதாடினார். தூக்கியது. ஆனால் சிப்பாய்கள் அதைக் கழற்றி மாற்றிக்கொண்டிருக்கவில்லை. மேலிருந்து கிளிப்பால், அதாவது தோட்டாக்களை வரிசையாகப் பிடித்திருக்கும் தகட்டுப் பட்டையால், தோட்டாக்களை அழுத்தித்தான் நிரப்பினார்கள். ஆரம்பகால ரைபிள்களில் மேகசின் தொலைந்துவிடக் கூடாது என்று அதைச் சங்கிலிக் கண்ணியால் ரைபிளோடு பிணைத்தே வைத்திருந்தார்கள். இந்த உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது.

மேலிருந்து நிரப்புவது என்றதும் இன்னொன்று. ஒரு வேட்டு போட்டதும் இடுப்புப் பட்டையிலிருந்து ஒரு தோட்டாவை உருவி, கண்ணை இலக்கிலிருந்து எடுக்காமலே மேல் வாயில் அழுத்திவிடுவது பழைய வேட்டைக்காரர்களின் பழக்கம். பல கழற்றும் மேகசின்களில், அது ரைபிளில் மாட்டியிருக்கும்போது அப்படி அழுத்தவே முடியாது. உதிரி மேகசின் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். எங்கே வைப்பது? சட்டைப் பையில் மணலோடும் புல் விதையோடுமா?

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பிளேசர் ஆர்8 ரைபிளில் விசைப் பொறியும் மேகசினும் ஒரே தொகுதியாகக் கழன்று வரும்; கழலாமல் பூட்டிவைக்க உள்ளே தனிப் பூட்டும் உண்டு. பெரிய காலிபர்களிலும் அது கிடைக்கிறது. முதல் கோட்டிலிருந்தே அதற்காகவே வரையப்பட்ட ரைபிள் அது. அதை வைத்திருப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நிலையான மேகசினுக்காகப் பிறந்த ஒரு மவுசர் ஆக்‌ஷனின் (போல்ட்டும் ரிசீவரும் சேர்ந்த இயக்கப் பகுதி) அடிவயிற்றை அறுத்து, வேறு எதற்கோ செய்த பெட்டியைச் செருகும் வேலையைத்தான் எதிர்க்கிறேன். நான் செய்ததும் அதுதான்.

அதனால் பெரிய ரைபிள் செய்யக் கொடுக்க நினைப்பவர்களிடம் மன்றாடிக் கேட்கிறேன். கட்டையின் வரிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் தோட்டாவை முடிவு செய்யுங்கள், பிறகு அதன் நீளத்துக்கு உண்மையாகவே இடம் கொடுக்கும் ஆக்‌ஷன். .416 ரிக்பி முழுத் தோட்டா 95 மில்லிமீட்டர் வரும். சாதாரண மவுசரில் அதைத் திணிக்க வேண்டுமானால் பூட்டுக்கு ஆதாரமான எஃகையே சுரண்ட வேண்டும். அந்தப் பாவத்தைச் செய்யாதீர்கள். அடுத்து மேகசின். ரைபிளை வாங்கிக்கொள்ளும் நாளில் வெற்றுத் தோட்டாக்களை எடுத்துக்கொண்டு போங்கள். உருண்டை மூக்கு, தட்டை மூக்கு இரண்டும் இருக்கட்டும். வேகமாகவும் ஏற்றிப் பாருங்கள், சோம்பேறித்தனமாகவும் ஏற்றிப் பாருங்கள். ஒன்று முட்டினாலும் திருப்பிக் கொடுங்கள்.

என் ரைபிள் இப்போது வேறொரு கைவினைஞரின் மேசையில் இருக்கிறது. பொத்தான், கொக்கி, தகட்டுப் பெட்டி எல்லாம் போய்விட்டன. எஃகுப் பெட்டியும் கீல் வைத்த அடித்தகடும் வருகின்றன. போன வாரம் போய்ப் பார்த்தேன். அடித்தகட்டின் பூட்டு, விசைக் காப்பு வளையத்துக்குள் வருகிறது. கட்டைவிரலால் லேசாக அழுத்தியதுமே திறந்தது. அந்த ஸ்பிரிங்கை இரண்டு மடங்கு இறுக்கமாக மாற்றச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். விரல் வலிக்க வலிக்கத் திறந்தால்தான் வாங்கிக்கொள்வேன்.